வை-பியைக் கண்டுபிடித்தாரா இந்த நடிகை?

"நீங்கள் தினமும் பயன்படுத்தும் வை-பியைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஒரு ஹாலிவுட் நடிகை!" இப்படி ஒரு செய்தி, அழகான பெண் ஒருவரின் கறுப்பு வெள்ளைப் படத்துடன், மெயிலிலும் மொபைல் போனிலும் அவ்வப்போது சுற்றி வரும். நம் வாசகர்கள் சிலரும் இதனை எனக்கு அனுப்பி, "இது உண்மையா, அல்லது வழக்கமான கட்டுக்கதையா?" என்று கேட்டுள்ளனர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது போன்ற செய்திகள் நிறைய வரும். பெரும்பாலானவற்றைப் படித்தவுடன் டெலீட் செய்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வது வழக்கம். இதனை மட்டும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. செய்தியில் உள்ளது சரியான தகவல் இல்லை. ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் உண்மை அந்தச் செய்தியைக் காட்டிலும் சுவையானது.

படத்தில் இருப்பவர் ஹெடி லமார். "உலகிலேயே மிக அழகான பெண்" என்று எம்.ஜி.எம். பட நிறுவனம் இவரை விளம்பரப்படுத்தியது. இவருக்கு 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்க அரசு ஒரு பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வழங்கியது. அதன் எண் 2,292,387. தலைப்பு: ரகசியத் தகவல் தொடர்பு முறை. சினிமாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடல் நீருக்குள் பாய்ந்து சென்று கப்பலைத் தகர்க்கும் டார்பிடோவை, எதிரி குறுக்கிட முடியாதபடி ரேடியோ மூலம் ஓட்டிச் செல்வதற்கான வழி அது. அதில் சொல்லப்பட்ட அதே யோசனைதான் இன்று உங்கள் மேஜை மீது இருக்கும் புளூடூத் மவுஸிலும் ஹெட்செட்டிலும் வேலை செய்கிறது. அந்த யோசனையில் இவருடைய பங்கு எவ்வளவு, மற்றவர்களுடையது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

வியன்னாவில் இருந்து

இவரின் இயற்பெயர் ஹெட்விக் ஈவா மரியா கீஸ்லர். 1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் பிறந்தார். தந்தை எமில் கீஸ்லர் வங்கி அதிகாரி. தாய் பியானோ கலைஞர். இருவரும் யூத வம்சாவளியினர். மகளை அழைத்துக்கொண்டு நடக்கச் செல்லும்போதெல்லாம், டிராம் வண்டி எப்படி ஓடுகிறது, அச்சு இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று தந்தை விளக்கிச் சொல்வாராம். ஐந்து வயதில் ஒரு இசைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, மீண்டும் அதனைச் சரியாகப் பூட்டியதாகச் சொல்வார்கள். பொறியியல் படிப்பு என்று பார்த்தால், இவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கல்லூரிக்குச் செல்லவில்லை. பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டார்.

1933ல் வெளியான எக்ஸ்டசி என்ற செக் நாட்டுப் படம் இவரை ஐரோப்பா முழுவதும் பேச வைத்தது. ஆடையின்றி நீந்தும் காட்சி ஒன்று அதில் இருந்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய கலவரத்தை உண்டாக்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு, 18 வயதில், ப்ரிட்ஸ் மாண்டல் என்பவரை மணந்தார். மாண்டல் இவரைவிட 14 வயது மூத்தவர். ஆஸ்திரியாவின் மிகப் பெரிய ஆயுத உற்பத்தியாளர்களில் ஒருவர். மனைவி நடிக்கக் கூடாது என்று தடை போட்டார். எக்ஸ்டசி படத்தின் பிரதிகளை எல்லாம் விலைக்கு வாங்கி அழித்துவிடக்கூட முயன்றார் என்று கூறப்படுகிறது.

மாண்டலின் வீட்டு விருந்துகளுக்கு ராணுவ அதிகாரிகளும் ஆயுத நிபுணர்களும் வருவார்கள். பேச்செல்லாம் பீரங்கி, குண்டு, டார்பிடோ பற்றித்தான் இருக்கும். அலங்காரப் பொம்மை போல அருகில் உட்கார்ந்திருந்த மனைவி எதையாவது கவனிப்பார் என்று அங்கே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1937ல் கணவரின் வீட்டை விட்டு வெளியேறினார். எப்படி வெளியேறினார் என்பதில் பல கதைகள் உண்டு. பணிப்பெண் வேடத்தில் தப்பினார், நகைகளை உடைக்குள் வைத்துத் தைத்து எடுத்துச் சென்றார் என்றெல்லாம், சொல்லும் ஆளுக்கு ஏற்ப அது மாறும். லண்டனில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைவர் லூயிஸ் பி. மேயரைச் சந்தித்தார். வாரத்திற்கு 125 டாலர் சம்பளம் என்று மேயர் சொன்னதை மறுத்துவிட்டார். பிறகு மேயர் அமெரிக்கா திரும்பிச் சென்ற நார்மண்டி என்ற அதே கப்பலில் எப்படியோ டிக்கெட் பிடித்து ஏறி, நடுக்கடலில் வாரம் 500 டாலருக்கு ஒப்பந்தம் பெற்றார். பழைய படத்தின் சர்ச்சை பின்தொடரக் கூடாது என்பதற்காக, பார்பரா லா மார் என்ற மவுனப்பட நடிகையின் பெயரை ஒட்டி ஹெடி லமார் என்ற புதுப் பெயரும் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. சில மாதங்கள் தாமதித்திருந்தால் யூத வம்சாவளியில் வந்த ஒரு பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பகலில் ஷூட்டிங், இரவில் வரைபலகை

1938ல் சார்லஸ் போயருடன் நடித்த அல்ஜியர்ஸ் வெளிவந்தது. ஒரே படத்தில் புகழின் உச்சிக்குப் போனார். கிளார்க் கேபிள், ஸ்பென்சர் டிரேசி இருவருடனும் பூம் டவுன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுடன் கம் லிவ் வித் மீ, ஜூடி கார்லண்ட், லானா டர்னர் ஆகியோருடன் சீக்ஃபெல்ட் கேர்ள் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. 1949ல் செசில் பி. டெமில் எடுத்த வண்ணப்படமான சாம்சன் அண்ட் டிலைலா வசூலில் பெரிய வெற்றி பெற்றது. இவற்றில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். என் கருத்தைச் சொல்வதென்றால், ஹாலிவுட் இவரைச் சரியாகப் பயன்படுத்தவே இல்லை. கேமரா முகத்திற்கு அருகில் போகும், ஒளி விழும், வசனம் அடுத்தவருக்குப் போய்விடும். அசையாமல் நின்று முட்டாளைப் போலப் பார்த்தால் போதும், எந்தப் பெண்ணும் கவர்ச்சியாகத் தெரிவாள் என்று அவரே கிண்டலாகச் சொன்னதாக ஒரு வாசகம் பிரபலம். விதிவிலக்காக, 1941ல் வந்த எச்.எம். புல்ஹாம் படத்தில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணாக நடித்திருப்பார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது அதில் தெரியும்.

மற்ற நட்சத்திரங்கள் மாலையில் பார்ட்டிகளுக்குச் செல்ல, இவர் வீட்டில் ஒரு மேஜை, விளக்கு, வரைபடக் கருவிகள், தொழில்நுட்பப் புத்தகங்கள் என்று தனியே ஒரு மூலையை வைத்துக்கொண்டிருந்தார். விமான நிறுவனம் நடத்திய கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் இவருடைய நண்பர். வேகமாகப் பறக்கும் பறவைகள், மீன்கள் ஆகியவற்றின் உடலமைப்பைப் பார்த்து, விமானத்தின் இறக்கை இப்படி இருக்கலாமே என்று அவருக்கு வரைந்து கொடுத்ததாக ஹெடி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தண்ணீரில் போட்டால் கோலா பானமாக மாறும் மாத்திரை ஒன்றையும் தயாரித்துப் பார்த்தார். குடித்துப் பார்த்தால் வயிற்றுக்கோளாறு மருந்து போல இருந்ததாம்! அந்தத் திட்டம் அத்துடன் முடிந்தது.

டார்பிடோ என்ன சிக்கல்?

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலில் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. 1940 செப்டம்பர் 17 இரவு, சிட்டி ஆப் பெனாரஸ் என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் தாக்கப்பட்டது. குண்டுவீச்சில் இருந்து காப்பதற்காகப் பெற்றோர்களைப் பிரித்துக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தனர். 77 குழந்தைகள் இறந்துபோயினர். இது போன்ற செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்களில்தான், நீர்மூழ்கிகளைத் தாக்க ஒரு நல்ல ஆயுதம் வேண்டும் என்று ஹெடி யோசிக்கத் தொடங்கினார். அவருடைய தாய் அப்போது இன்னும் அமெரிக்கா வந்து சேரவில்லை.

அந்தக் கால டார்பிடோவில் ஒரு குறை உண்டு. ஏவிவிட்டால் அது பாட்டுக்குப் போகும். குறி வைத்த கப்பல் சற்றுத் திரும்பிவிட்டால், வீணாகிவிடும். ரேடியோ மூலம் "இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு" என்று கட்டளை அனுப்பினால் என்ன? அனுப்பலாம். ஆனால், எதிரி சும்மா இருக்க மாட்டான். நீங்கள் எந்த அலைவரிசையில், அதாவது எந்தப் பிரீக்வென்சியில், கட்டளை அனுப்புகிறீர்கள் என்று கண்டுபிடித்து, அதே அலைவரிசையில் பெரும் இரைச்சலை அனுப்புவான். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறும்போது நீங்கள் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்குமா? அதே கதைதான். இதற்கு ஜாம் செய்வது என்று பெயர்.

இதற்கு ஹெடி சொன்ன வழியைப் புரிந்துகொள்ள, வீட்டில் உள்ள பழைய ரேடியோவை எண்ணிப் பாருங்கள். ஒரு நிலையத்தில் பாட்டு கேட்க வேண்டுமானால், முள்ளை அந்த எண்ணில் நிறுத்துகிறோம். இப்போது நீங்களும் உங்கள் நண்பரும் தனியே ஒரு சிறிய ஒலிபரப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பேசுவது நீங்கள்; கேட்பது அவர். முதல் நொடி 20ஆம் எண்ணில் பேசுகிறீர்கள். அடுத்த நொடி 7க்குத் தாவுகிறீர்கள். பிறகு 61. பிறகு 33. இந்த வரிசையை எழுதிய ஒரு தாள் உங்களிடம் உள்ளது. அதே தாளின் நகல் நண்பரிடமும் உள்ளது. இருவரும் ஒரே சமயத்தில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால், அவருக்கு உங்கள் பேச்சு தொடர்ந்து கேட்கும். தாள் இல்லாதவருக்கு இங்கே ஒரு எழுத்து, அங்கே ஒரு எழுத்து என்று ஏதோ சத்தம் கேட்கும். அவர் 7ஆம் எண்ணில் இரைச்சலை அனுப்பத் தொடங்கும்போது, நீங்கள் 33ல் இருப்பீர்கள். இதுதான் பிரீக்வென்சி ஹாப்பிங், அதாவது அலைவரிசைத் தாவல்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், முள்ளைத் திருப்புவது மனிதக் கை இல்லை. கடலுக்குள் ஓடும் டார்பிடோவுக்கு உள்ளே உள்ள ரேடியோ தானாகவே திரும்ப வேண்டும். அதுவும் கப்பலில் உள்ள ரேடியோ திரும்பும் அதே கணத்தில். டிரான்சிஸ்டர் கூட வராத காலம் அது. சிப் பற்றிப் பேச்சே இல்லை. இதனை எப்படிச் செய்வது?

பியானோ தந்த விடை

இங்குதான் ஜார்ஜ் ஆன்டைல் வருகிறார். இவர் இசையமைப்பாளர். 1940ல் ஒரு விருந்தில் இருவரும் சந்தித்தனர். உடல் சுரப்பிகள் பற்றி ஆன்டைல் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதி வந்ததால், அது குறித்து ஆலோசனை கேட்கத்தான் ஹெடி அவரைச் சந்திக்க விரும்பினார். புறப்படும்போது ஆன்டைலின் கார் கண்ணாடியில் லிப்ஸ்டிக்கால் தன் போன் நம்பரை எழுதிவிட்டுப் போனாராம். பேச்சு சுரப்பியில் தொடங்கி, டார்பிடோவில் போய் நின்றது. ஆன்டைலுக்கும் இந்தப் போர் சொந்த விஷயமாக இருந்தது. அமெரிக்கத் தூதரகத் தகவல்களை எடுத்துச் செல்லும் பணியில் இருந்த அவருடைய தம்பி, 1940 ஜூனில் பின்லாந்துப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் விமானங்கள் சுட்டு வீழ்த்தியபோது இறந்துபோனார்.

ஆன்டைல் 1920களில் பாலே மெக்கானிக் என்ற இசைப்படைப்பை எழுதியவர். அதில் தானே வாசிக்கும் பியானோக்கள் பதினாறு ஒன்றாக இசைக்க வேண்டும். இந்த வகைப் பியானோ நம் ஊரில் அதிகம் பழக்கத்தில் இல்லாதது. துளைகள் இடப்பட்ட நீளமான காகிதச் சுருள் ஒன்று அதற்குள் ஓடும். எந்த இடத்தில் துளை வருகிறதோ, அதற்கு உரிய கட்டை தானாக அழுந்தி ஒலிக்கும். அந்தக் காலத்து சாப்ட்வேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பதினாறு பியானோக்களையும் ஒரே நேரத்தில் பிசகாமல் ஓட வைக்க ஆன்டைல் எவ்வளவோ பாடுபட்டார், முடியவில்லை. 1926ல் பாரிஸில் அரங்கேறியபோது சாதாரணப் பியானோக்களையும் சேர்த்துச் சமாளித்தார். அவர் எழுதியபடியே அது இசைக்கப்பட்டது 1999ல்தான். அப்போது பதினாறு பியானோக்களையும் மிடி முறையில் ஒரு கம்ப்யூட்டர் இயக்கியது.

இசை நிகழ்ச்சியில் தோற்ற அந்த அனுபவம் இங்கே கைகொடுத்தது. கப்பலில் ஒரு காகிதச் சுருள். டார்பிடோவில் அதே துளைகள் கொண்ட மற்றொரு சுருள். டார்பிடோ ஏவப்படும் கணத்தில் இரண்டும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும். ஒவ்வொரு துளைக்கும் ரேடியோ ஒரு அலைவரிசைக்குத் தாவும். பியானோவில் உள்ள கட்டைகள் 88. காப்புரிமையிலும் 88 வரிசைத் துளைகள் கொண்ட சுருளைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எதிரியைக் குழப்புவதற்காக, டார்பிடோ கேட்காத சில அலைவரிசைகளிலும் இடையிடையே பொய்யாக சிக்னல் அனுப்பும் ஏற்பாடும் அதில் உண்டு. ரேடியோ சர்க்யூட் விஷயங்களைச் சரிசெய்ய, கால்டெக் கல்லூரியின் மின்பொறியியல் பேராசிரியர் ஒருவர் உதவினார்.

1941 ஜூன் 10 அன்று விண்ணப்பித்தார்கள். யோசனை ஹெடியுடையது, அதற்கு இயந்திர வடிவம் கொடுத்தது தான் என்று ஆன்டைலே சொல்லி வந்தார். "மாண்டலின் விருந்தில் கேட்டதைத்தான் அப்படியே சொல்லிவிட்டார்" என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. டார்பிடோவில் என்ன சிக்கல் என்பதை அங்கே கேட்டிருக்கலாம். விடையையும் அங்கேயே கேட்டிருந்தால், காகிதச் சுருள் வரை போய்த் திண்டாட வேண்டிய அவசியம் என்ன?

கடற்படை என்ன செய்தது?

எதுவும் செய்யவில்லை. காப்புரிமை உரிமையை இருவரும் போருக்காகக் கொடுக்க முன்வந்தும், இந்தக் கருவி டார்பிடோவுக்குள் அடங்காது, பருமனானது என்று சொல்லி அமெரிக்கக் கடற்படை ஒதுக்கி வைத்தது. "ஒரு கைக்கடிகாரத்திற்குள் அடங்கும் அளவுக்குக் கூட இதனைச் சிறிதாக்கலாம், பியானோ என்ற சொல்லைப் பார்த்ததும், ஒரு முழுப் பியானோவையே டார்பிடோவுக்குள் வைக்கச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள்" என்ற பொருளில் ஆன்டைல் பின்னர் புலம்பியிருக்கிறார். கடற்படையின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அப்போது அவர்களிடம் இருந்த மார்க் 14 வகை டார்பிடோக்கள் நேராகப் போய் வெடிப்பதற்கே தகராறு செய்துகொண்டிருந்தன. சரியான ஆழத்தில் ஓடாது, ஓடினாலும் வெடிக்காது. இதனைச் சரிசெய்யவே 1943 வரை ஆனது. ரேடியோவை நினைக்க அவர்களுக்கு நேரம் ஏது?

கண்டுபிடிப்பாளர்களுக்கான அரசு அமைப்பில் சேர்ந்து வேலை செய்ய ஹெடி விரும்பினார். உங்கள் முகத்தைப் பயன்படுத்திப் போர்க் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி என்று திருப்பிவிட்டார்கள். 1942ல் ஊர் ஊராகச் சென்று விற்றார். கோடிக்கணக்கில் பணம் திரண்டது. காப்புரிமைக் காகிதம் அலமாரிக்குள் போய்விட்டது. 1959ல் அதன் காலம் முடிந்தது. அதே ஆண்டு ஆன்டைலும் காலமானார். இருவருக்கும் அதனால் ஒரு டாலர் கூடக் கிடைக்கவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். முதலில் புளூடூத். உங்கள் லேப்டாப்பும் புளூடூத் ஹெட்செட்டும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் பேசிக்கொள்கின்றன. அதே பகுதியில்தான் பல வை-பி ரவுட்டர்கள் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் கதிர்வீச்சும் அங்கேதான். நெரிசலான கடைத்தெரு என்று சொல்லலாம். இதில் புளூடூத் எப்படிச் சமாளிக்கிறது? அந்தப் பகுதியை 79 சேனல்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை சேனல் மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஒரு முறை கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் சில நூறு தாவல்கள் முடிந்துவிடும். எந்த வரிசையில் தாவ வேண்டும் என்பது, இணைப்பை நடத்தும் சாதனத்தின் முகவரியில் இருந்தும் அதன் உள் கடிகாரத்தில் இருந்தும் கணக்கிடப்படுகிறது. இணைப்பு ஏற்படும்போது ஹெட்செட் அந்த முகவரியையும் கடிகாரத்தையும் தெரிந்துகொள்கிறது. இரண்டு சுருள்களையும் ஒரே கணத்தில் சுழலவிட வேண்டும் என்ற 1941ஆம் ஆண்டுச் சிக்கல், இங்கே இரண்டு கடிகாரங்களை ஒன்றாக ஓடவிடும் வேலையாக மாறியிருக்கிறது. 2003ல் வந்த புளூடூத் 1.2 பதிப்பில் இருந்து, நெரிசல் மிகுந்த சேனல்களைக் கண்டறிந்து அவற்றைத் தவிர்த்துத் தாவும் வசதியும் சேர்ந்துவிட்டது. மைக்ரோவேவ் ஓடும்போது பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், ஸ்பீக்கரைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மற்றதைத் தாவல் பார்த்துக்கொள்ளும்.

வை-பி கதை வேறு. 1997ல் வந்த முதல் வை-பி வரையறையில், அலைவரிசைத் தாவலும் ஒரு வழியாக இடம் பெற்றிருந்தது. ஆனால், நிலைக்கவில்லை. 1999ல் வந்த வேகமான பதிப்பு வேறு முறைக்கு மாறியது. அதன் பின்னர் வந்தவை, தகவலைப் பல துணை அலைகளில் ஒரே நேரத்தில் பிரித்து அனுப்பும் இன்னொரு முறைக்குச் சென்றுவிட்டன. இன்று உங்கள் வீட்டு ரவுட்டர், நீங்களோ அதுவோ தேர்ந்தெடுக்கும் ஒரு சேனலில் நின்றுதான் வேலை செய்கிறது, தாவிக்கொண்டே இருப்பதில்லை. ஜி.பி.எஸ். சாதனமும், சில ஆண்டுகளுக்கு முன் வரை நம் நாட்டில் இருந்த சி.டி.எம்.ஏ. போன்களும் தாவல் முறையில் இயங்கியவை அல்ல. இவற்றின் முறையும் தாவல் முறையும் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. சித்தப்பா பிள்ளைகள் என்று சொல்லலாம். ஒரே ஆள் இல்லை.

மேலும், அலைவரிசையை மாற்றி மாற்றிப் பேசலாம் என்று முதலில் சொன்னவரும் ஹெடி இல்லை. நிக்கோலா டெஸ்லா 1903லேயே பல அலைவரிசைகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் காப்புரிமையைப் பெற்றிருந்தார். ஹாலந்து நாட்டின் வில்லெம் பிரூர்ட்யெஸ் 1932ல் தாவல் முறைக்கே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்னர் ராணுவ ரேடியோக்களை வடிவமைத்த பொறியாளர்கள் அனைவரும் ஹெடியின் காகிதத்தைப் படித்துத்தான் செய்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. புளூடூத்தை 1990களில் எரிக்சன் நிறுவனத்தில் உருவாக்கியவர் யாப் ஹார்ட்சன். பொதுமக்கள் லைசென்ஸ் இல்லாமல் இது போன்ற சாதனங்களைப் பயன்படுத்த அமெரிக்க அரசு வழி திறந்தது 1985ல்.

அப்படியானால் ஹெடி செய்தது என்ன? ஓடும் ஆயுதம் ஒன்றுக்குள் வைக்கும் அளவில், இரு முனைகளும் பிசகாமல் சேர்ந்து தாவுவதற்கு, வரைந்து காட்டக்கூடிய ஒரு முழுமையான கருவியை ஆன்டைலுடன் சேர்ந்து உருவாக்கினார். பகல் முழுவதும் ஸ்டூடியோவில் நின்றுவிட்டு, இரவில் செய்தார். எனக்கு இதுவே போதுமான பெரிய விஷயமாகத் தெரிகிறது. இதற்கு மேல் வை-பி, ஜி.பி.எஸ். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினால், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து "அதெல்லாம் பொய்" என்று சொல்வார். செய்த உண்மையான வேலையும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

கோரல் டிரா வழக்கு

பின்னாட்களை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆறு திருமணங்கள், ஆறும் விவாகரத்தில் முடிந்தன. 1953ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1958ல் வந்த தி பீமேல் அனிமல்தான் கடைசிப் படம். 1966ல் இவர் பெயரில் வெளியான சுயசரிதையை, வேறு ஆட்கள் எழுதிய பொய்க் குவியல் என்று சொல்லி வழக்குத் தொடர்ந்தார். முதுமையில் புளோரிடாவில் தனியே வாழ்ந்தார். அழகுக்கான அறுவை சிகிச்சைகள் முகத்தைக் கெடுத்துவிட, சொந்தப் பிள்ளைகளைக்கூட நேரில் பார்க்காமல் போனிலேயே மணிக்கணக்கில் பேசினார்.

டி.டி.பி. வேலை செய்பவர்களுக்கு அடுத்த விஷயம் வியப்பாக இருக்கும். கோரல் டிரா 8 சாப்ட்வேரின் பெட்டி மீது ஒரு பெண்ணின் முகம் இருந்தது நினைவிருக்கிறதா? நம் ஊர் டி.டி.பி. சென்டர்கள் பலவற்றில் அந்த முகம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஹெடி லமார்தான். கோரல் நிறுவனம் நடத்திய ஓவியப் போட்டியில், கோரல் டிராவிலேயே வரையப்பட்டுப் பரிசு பெற்ற படம் அது. தன்னிடம் அனுமதி கேட்கவில்லை என்று 1998ல் ஹெடி வழக்குப் போட்டார். பின்னர் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. சட்டம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கம்ப்யூட்டர் உலகம் அவரைத் தேடி வந்தபோதும், முதலில் எடுத்துக்கொண்டது முகத்தைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

மூளைக்கு மரியாதை கிடைத்தது ஏறக்குறைய அதே சமயத்தில். 1990ல் போர்ப்ஸ் பத்திரிகை அவரைப் பேட்டி கண்டு, இந்தக் காப்புரிமை பற்றி எழுதியது. 1997ல் எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு, ஹெடிக்கும் மறைந்த ஆன்டைலுக்கும் முன்னோடி விருது அளித்தது. ஹெடிக்கு அப்போது 82 வயது. அவர் நேரில் வரவில்லை, மகன் பெற்றுக்கொண்டார். 2000 ஜனவரி 19 அன்று காலமானார். 2014ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இருவரின் பெயரும் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே மன்றத்தில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர், புளூடூத்தை உருவாக்கிய யாப் ஹார்ட்சன். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நவம்பர் 9, ஹெடியின் பிறந்த நாள், கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2017ல் பாம்ஷெல் என்ற ஆவணப்படமும் வெளிவந்தது. போர்ப்ஸ் பேட்டியின் ஒலிநாடாக்கள் அதில் பயன்படுத்தப்பட்டுள்ளன; அவர் குரலிலேயே கேட்கலாம்.

நீங்களே பார்க்கலாம்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் போதும். அல்ஜியர்ஸ் படமும், 1946ல் ஹெடி தானே தயாரிப்பில் பங்கேற்று நடித்த தி ஸ்ட்ரேஞ்ச் உமன் படமும் அமெரிக்காவில் காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாதவை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காப்புரிமை ஆவணத்தைப் பார்க்க, கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்திற்குச் செல்லுங்கள். தேடல் கட்டத்தில் யு, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும், அடுத்து இடைவெளியோ கமாவோ இல்லாமல் 2292387 என்ற எண்ணையும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரைபடங்கள் முதலில் இருக்கும். கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸின் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினால் பக்கம் பெரிதாகும். துளையிட்ட காகிதச் சுருளும், அதனைப் படிக்கும் கருவியும் தெளிவாகத் தெரியும்.

லமார் என்ற பெயரை அங்கே தேடாதீர்கள். கண்டுபிடித்தவர் பெயராக இருப்பது ஹெடி கீஸ்லர் மார்க்கி. மார்க்கி என்பது இரண்டாவது கணவரின் பெயர். திரையில் இருந்த பெயர் அந்தக் காகிதத்தில் இல்லாததால், அதனைப் பார்த்த பொறியாளர்கள் பலருக்கும் அது யாருடையது என்று நீண்ட காலம் தெரியாமலேயே இருந்தது.